பூஜையில் வைத்த ஜாக்கி

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் தடவை சந்தோஷமாகத்தான் படித்தேன். என் பிள்ளை கார் வாங்கிவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக்கூட வந்தேன். பழைய அம்பாசடர்தான், பெயின்ட் போய்விட்டது என்று நீ எழுதியிருந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் கடைசிப் பத்தி மனசில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீயே வீட்டு வாசலில் வண்டியை ரிப்பேர் பார்க்கப் போகிறாயாம். மட்டமான ஜாக்கியால்தான் உன் நைனாவின் இடுப்பு போனது, அதனால் நீ மெட்ராசிலிருந்து நல்ல டிராலி ஜாக்கியாக வரவழைக்கப் போகிறாயாம். ஆயுத பூஜைக்குள் வாங்கி, பூஜையில் வைத்துவிட்டுத்தான் அதைத் தொடுவாயாம். நைனாவோடு கூடவே இருந்து பார்த்தவள் நீ, எது வாங்கலாம் என்று எழுது அம்மா என்று வேறு கேட்டிருக்கிறாய். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் போடலாமா என்று பார்த்தேன். வரிசையில் பத்து பேர் நிற்க, நடுவில் நின்று கத்திச் சொல்லுகிற விஷயமா இது? நேரில் திருப்பதிக்கு வந்து உன்னைத் தடுக்கலாம் என்றால், என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் பஸ் படி ஏறவே இரண்டு பேர் வேண்டும். அப்படியே வந்து நின்றாலும் நீ கேட்கிற ஆளா? சின்ன வயசில் கிணற்றை எட்டிப் பார்க்காதே என்றால், எட்டிப் பார்த்துவிட்டு வந்து தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற பிள்ளை நீ. உன்னைத் தடுக்க என்னால் ஆகாது. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நீ கேட்காத ஒன்றும் இதில் இருக்கிறது. அதற்கு வரும்வரை பொறுமையாகப் படி, நடுவில் எழுந்து போகாதே.

டிராலி ஜாக்கி வாங்குவது நல்ல யோசனைதான். வண்டியோடு வருகிற திருகு ஜாக்கி வழியில் டயர் மாற்றுவதற்கு. அதை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. கடைக்காரன் இருக்கிறதிலேயே பெரியதை உன் தலையில் கட்டப் பார்ப்பான். லாரி தூக்குகிறது உனக்கு எதற்கு? இரண்டு டன் தூக்குவது உன் அம்பாசடருக்குத் தாராளம். அடிப்பாகம் அகலமாக இருக்கிறதா பார். தாழ்த்தி வைத்தால் பின் ஆக்ஸிலுக்கு அடியில் நுழைகிறதா என்று வண்டியைக் கொண்டுபோய் நுழைத்தே பார்த்துவிடு, கூச்சப்படாதே. வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே வண்டியைத் தூக்கச் சொல்லி, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சாக்பீசால் கோடு போட்டுவிட்டு, சாப்பிடப் போய்விடு. திரும்பி வந்து பார்க்கும்போது கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடு. நைனா அப்படித்தான் பார்ப்பார். "மொதல்ல நாம துன்னுக்கினு வரலாம், அது எறங்குதா இல்லையான்னு அதுவே சொல்லும்" என்பார்.

இன்னொன்று, உன் வீட்டு வாசல் மண் தரை. கல்யாணமானதும் உங்களைக் குடிவைக்க வந்தபோது பார்த்தேன். டிராலி ஜாக்கிக்குச் சக்கரம் வைத்திருப்பது இழுத்துக்கொண்டு போவதற்கு மட்டும் இல்லை. தூக்கத் தூக்க அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் உருள வேண்டும். மண்ணில் சக்கரம் புதைந்துவிட்டால் உருளாது, பாரத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். வீட்டுக்காரரிடம் கேட்டு வாசலில் சிமென்ட் போட்டுக்கொள். அவர் மாட்டேன் என்றால் வேறு இடம் பார். தூக்கின உடனே இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வை, இல்லை என்றால் கனமான மரக்கட்டை வை. செங்கல் வைக்காதே. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. தரையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல் போடு. இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் உனக்குச் சொல்லுவான். நான் சொல்ல வேண்டியது வேறு.

நீ நல்ல ஜாக்கி வாங்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நல்ல ஜாக்கி நம் வீட்டில் அன்றைக்கும் இருந்தது.

என் கட்டிலுக்கு அடியில் சாக்கு போட்டு மூடின ஒரு ஜாக்கி உண்டே, ரிப்பேர் என்று நைனா உன்னைத் தொடவிடாமல் வைத்திருந்தாரே, அதுதான். அது ரிப்பேர் இல்லை. வேலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பை மூடினபோது வாங்கி, பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்தார். இறக்குவதற்கு மூன்று பேர் பிடித்தார்கள். என் கல்யாணச் சீர்வரிசைகூட இவ்வளவு கனம் இல்லை என்று நான் சொன்னதற்கு ஒரு வாரம் சிரித்தார். உனக்கு அப்போது நாலு வயது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு கைப்பிடியைப் பிடித்து இழுக்கச் சொல்லி அழுவாய். ஆபீஸ் ஜீப்பை ஓட்டிவிட்டு வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், வாசலில் போட்டிருந்த கடப்பைக் கல் மேல் உன்னை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டு திரிவார். லீவு நாட்களில் ஊரில் இருக்கிற கார்கள் ஒன்றிரண்டு நம் வாசலுக்கு வரும். அந்த ஜாக்கியும் நாலு புளியமரக் கட்டைகளும் இருந்தால் போதும், சத்தம் போட்டுப் பாடிக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். நீ நினைக்கிற மாதிரி அஜாக்கிரதையான ஆள் இல்லை உன் நைனா.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நல்ல மழை. பூஜையன்று காலையில் எல்லாச் சாமான்களையும் கழுவித் துடைத்தோம். ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, நாலு கட்டை எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். சாமி அலமாரிக்கு முன்னால் வரிசையாக அடுக்கி, பொரி கடலை படைத்து, தீபாராதனை காட்டினோம். நீ பொரியை வாரி வாரித் தின்றுவிட்டு உள்ளே படுத்துத் தூங்கிவிட்டாய். நம் வழக்கம் உனக்கே தெரியும். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்துதான் தொட வேண்டும். அதற்கு முந்தின வருஷம் நைனா சாயங்காலமே ஒரு ஸ்பானரை எடுத்து யாருக்கோ வேலை செய்துகொடுத்தார். அடுத்த மாசம்தான் உனக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போனது. அந்த ஸ்பானரால்தான் போனது என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே பண்ணிக்கொண்ட முடிவு. குழந்தை போனதற்கு ஏதாவது ஒரு காரணம் எனக்கு வேண்டியிருந்தது.

மத்தியானம் மிஷன் சபைப் போதகருடைய கார் கடகடவென்று சத்தத்தோடு வாசலில் வந்து நின்றது. சைலன்சர் பைப்பைப் பிடிக்கிற பட்டை அறுந்து, பைப்பு தரையில் இழுத்துக்கொண்டு வந்தது. பாலசமுத்திரத்தில் அவர் சபை ஆள் ஒருத்தர் இறந்துவிட்டார், அடக்கத்துக்குப் போய்ச்சேர வேண்டும். நைனா குனிந்து பார்த்துவிட்டு, "கம்பி போட்டுக் கட்டனா போதும் ஐயா, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கி எடுக்க உள்ளே வந்தார். நான் சாமி அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன்.

"எடுத்துக்கினு போய் உடனே கொண்டாந்து வெச்சிடறன்டி."

"மறுபூஜ ஆகாம தொடறீங்களா? போன வருசம் பட்டது போதாதா? எனக்கு இன்னொரு புள்ளய வாரிக் குடுக்கத் தெம்பு இல்ல."

அவர் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. நான் பேசினது வெளியில் கேட்டிருக்க வேண்டும். போதகர் நல்ல மனுஷர், "வேணாம்ப்பா, பண்டிக நாளு. நான் பஸ்ஸுல போய்க்கிறன்" என்றார். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் பஸ்ஸில் போயிருப்பார், அவ்வளவுதான். என் வீட்டு வாசலுக்கு வந்த மனுஷரை வெறுமனே திருப்பி அனுப்பவும் எனக்கு மனசு வரவில்லை. "பஸ் எதுக்குங்க ஐயா? ஒங்க வண்டியிலயே ஒரு ஜாக்கி இருக்குதே. அதுக்கு யாரும் குங்குமம் வெக்கலயே" என்றேன். போதகர் சிரித்துவிட்டார். நைனாவும் சிரித்தார். நானும் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சிரித்தேன்.

போதகர் வண்டியின் திருகு ஜாக்கியை எடுத்து, கீழே ஒரு செங்கல்லை வைத்துத் தூக்கினார் நைனா. வண்டி கடப்பைக் கல் மேல் ஏறாமல் ஓரத்து மண்ணில் நின்றிருந்தது. முந்தின நாள் மழையில் ஊறின மண். கட்டைகள் நாலும் உள்ளே சாமிக்கு முன்னால் இருந்தன. ஒரு தடவை கட்டை இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயில் கம்பியைக் கடித்துக்கொண்டு, தலை பின் பம்பருக்கு வெளியே இருக்க, காலை நீட்டி அடியில் போய்விட்டார். பைப்பைப் பிடித்து மேலே இழுத்திருப்பார் போலிருக்கிறது, செங்கல் ஒரு பக்கம் சரிந்து ஜாக்கி சாய்ந்தது. பெரிய சத்தம்கூட வரவில்லை. வண்டி உட்கார்ந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே அவர் அதற்கு அடியில் இருந்தார். ஜாக்கியும் அடியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க வண்டியைத் தூக்க வேண்டும், வண்டியைத் தூக்க அது வேண்டும்.

போதகர் பம்பரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஒற்றை ஆளால் அது அசையுமா? நான் உள்ளே ஓடினேன். யாரையும் தொடவிடாமல் நான் காத்து நின்ற அதே பூஜையை நானே கலைத்தேன். விளக்கு சாய்ந்தது, பூசணிக்காய் உருண்டது. மூன்று பேர் பிடித்து இறக்கின ஜாக்கியைத் தனியாக வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தேன். வண்டிக்கு அடியில் தள்ளினேன், கைப்பிடியைச் சொருகினேன், நைனா அடிக்கிற மாதிரியே மேலும் கீழும் அடித்தேன். கைப்பிடி லேசாக, பஞ்சு மாதிரி ஏறி இறங்கியது. ஜாக்கியின் தலை எழும்பவே இல்லை. நான் அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. போதகர் வாங்கி அடித்தார், அப்போதும் ஆகவில்லை. உன் நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, மூச்சு வரவில்லை. என்னமோ சொல்ல வருகிறார் என்று தெரிகிறது, என்ன என்றுதான் தெரியவில்லை. ஜாக்கி முழுக்க நான் வைத்த குங்குமம் என் கையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜாக்கியை விட்டுவிட்டுத் தெருவில் ஓடினேன். வெல்ல மண்டி மூடியிருந்தது. வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். நான் தமிழில் கத்தினேனா தெலுங்கில் கத்தினேனா என்று இன்றைக்கும் தெரியாது. அவர்கள் எழுந்து ஓடி வந்து, "எத்தண்டி, எத்தண்டி" என்று தூக்கச் சொல்லித் தெலுங்கில் ஒருத்தரை ஒருத்தர் அதட்டிக்கொண்டு, வண்டியை ஒரு பக்கமாகக் கையாலேயே தூக்கிவிட்டார்கள். நான் திரும்பி வருகிற வரைக்கும் பரமண்டல ஜெபத்தை எட்டு தடவை சொன்னதாகப் போதகர் பிற்பாடு சொன்னார். நைனாவைப் பார்க்க வந்த ஒவ்வொரு தடவையும் என்னிடம் மன்னிப்புக் கேட்பார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் நாலு மாசம் இருந்தோம். இடுப்பெலும்பு கூடிவிட்டது, ஒரு கால்தான் உயிரில்லாமல் போய்விட்டது. பாரம் அவ்வளவு நேரம் அழுத்தாமல் இருந்திருந்தால் காலைக் காப்பாற்றி இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், வருத்தமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் நைனாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அன்னிக்கி நம்ம ஜாக்கிக்கு இன்னா கோளாறு? அவ்ளோ அடிச்சனே, ஏன் ஏறல?" அவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டார். "கோளாறு இன்னா கெடக்குது. கழுவறதுக்காக முழுசா எறக்கி வெச்சிருந்தன், வால்வு தெறந்து கெடந்தது. கைப்பிடிய வலப்பக்கம் ஒரு திருகு திருகி இருந்தா ஏறி இருக்கும்." சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒனக்குச் சொல்லித் தரலயேடி. எத்தினி வருசம் கூட நின்ன, ஒரு நாளு ஒங்கையில குடுத்துத் தூக்கச் சொன்னனா? எந்தப்பு" என்றார். அப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில்தான், மட்ட ஜாக்கி வழுக்கிவிட்டது என்று. பெரியவனாகி நீ கேட்டபோதும் அதேதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று தெரிந்தே நின்றுகொண்டிருந்தேன்.

ஜீப் ஓட்டினவர் அதே ஆபீசில் ஸ்டூலில் உட்கார்ந்து மணி அடித்தால் எழுந்து போகிற வேலை பார்த்தார். கைத்தடியோடு எழுந்திருக்க நேரமாகிறது என்று புதிதாக வந்த அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வருவது நின்றுபோனது. பாட்டும் நின்றுபோனது. உனக்கு நினைவு தெரிந்த நைனா பாடவே மாட்டார், இல்லையா? வாய் விட்டுப் பாடுகிற மனுஷர் அவர். போன மார்கழியில் போகிற வரைக்கும் ஒரு நாள்கூட, கோபத்தில்கூட, உன்னால்தான் என்று என்னைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிப் பேசி, அழுது, ஆறியிருப்பேன். எனக்கு அந்த வழியும் இல்லாமல் போனது. உன்னிடமாவது சொல்லலாம் என்றால் நீ அவரைப் பார்க்கிற மாதிரியே என்னையும் பிரியமாகப் பார்க்கிறாய், வாய் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன். என்மேல் கோபப்படு, பேசாமல் இரு, எதுவேண்டுமானாலும் செய். ஆனால் நல்ல ஜாக்கி இருந்தால் ஒன்றும் ஆகாது என்கிற நினைப்பை மட்டும் விட்டுவிடு.

நேற்று அந்தச் சாக்கை விலக்கி ஜாக்கியை வெளியே இழுத்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது, அதன் தலையில் இருக்கிற பள்ளத்தில் இன்னமும் குங்குமம் கறுத்துப்போய் ஒட்டியிருக்கிறது. உனக்கு அனுப்பலாம் என்றுதான் எடுத்தேன். கட்டில் காலுக்கு அடியில் வைத்து, கைப்பிடியை வலப்பக்கம் திருகி, அடித்தேன். என் கையால் முதல் தடவையாக அது தூக்கியது, ஒரு விரற்கடை. அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மெதுவாக இறங்கிவிட்டது. உள்ளே இருக்கிற வாஷர் காய்ந்துபோயிருக்கும். இனிமேல் அதை அனுப்பி என்ன, வைத்திருந்துதான் என்ன. மறுபடியும் உள்ளே தள்ள எனக்குத் தெம்பு இல்லாமல் நடு அறையில் கிடக்கிறது.

ஆகையால் புதிதாகவே வாங்கு. ஒன்று வாங்காதே, இரண்டு வாங்கு. இரண்டாவது சின்னதாக இருந்தாலும் போதும், அது எப்போதும் வண்டிக்கு வெளியே, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பூஜைக்கு எதை வேண்டுமானாலும் வை, ஜாக்கியையும் ஸ்டாண்டையும் வைக்காதே. உனக்கு மனசு கேட்கவில்லை என்றால் வை, ஆனால் அன்றைக்கே தேவைப்பட்டால் எடு. சாமி கோபித்துக்கொள்ளாது என்று நான் சொல்கிறேன். கோபித்துக்கொண்டால் அம்மாதான் எடுக்கச் சொன்னாள் என்று என் பெயரைச் சொல்லிவிடு, காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் வந்து நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ அடியில் படுத்திருக்கும்போது வெளியே யார் நிற்பார்கள் என்று யோசித்துப் பார்த்தாயா? கோமதிதான் நிற்பாள். கல்யாணமாகி ஐந்து மாசம்தான் ஆகிறது அந்தப் பெண்ணுக்கு. காப்பி டம்ளரோடு உன் பக்கத்தில் வந்து நின்று, ஸ்பானர் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள், நான் நின்ற மாதிரியே. ஜாக்கி வந்த அன்றைக்கே அவளை உட்காரவைத்து வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று காட்டு. நீ தள்ளி நின்றுகொள், பக்கத்தில் போய்க் கை கொடுக்காதே. அவளே தள்ளி, அவளே திருகி, அவளே அடித்து உன் காரைத் தூக்கட்டும். ஒரு தடவை போதாது, நீ ஒன்றும் சொல்லாமலே அவளுக்கு வருகிற வரைக்கும் தூக்கட்டும். தூக்கிவிட்டேன் அத்தை என்று அவள் கையால் எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடச் சொல். அந்தக் கார்டு என் கைக்கு வந்து சேருகிற வரைக்கும் நீ வண்டிக்கு அடியில் போகாதே.

அம்மா